மிட்டாய்க்கு எவ்வளவு சூடு வேண்டும்?

"பத்து நாள்தான். மிட்டாய நல்லா பாத்துக்குவியா?" என்று கேட்டாள் ஃபாத்திஹா.

"பாத்துக்குவேன்" என்றாள் ஷாந்தினி.

"எங்க வீட்டுல வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்" என்று பக்கத்தில் நின்ற அவள் அப்பா சிவசாமி மார்பை நிமிர்த்திச் சொன்னார்.

ஃபாத்திஹாவின் குடும்பம் ஆயர் குரோ ஊரில் ஷாந்தினிக்குப் பக்கத்து வீடு. ஒரு கல்யாணத்துக்காகக் கடல் கடந்து நாகப்பட்டினம் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மிட்டாய் என்பது அவர்கள் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், குண்டு வால்.

அவர்களுடைய கார் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, அப்பா மிட்டாயின் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டங்! மேலே இருந்த பல்பு கேட்டில் இடித்து உடைந்தது.

"பல்பு தானே? நம்ம வீட்டுலயே இருக்கு" என்று அப்பா வேறொன்றை மாட்டினார். பெட்டி பளிச்சென்று ஒளிர்ந்தது.

"ஹால்ல வைக்கவேணாம். சாமி மேடைக்கு முன்னால பல்லி கத்துனா, நல்லதுக்கா கெட்டதுக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா ஜானகி.

"இது வெளிநாட்டுப் பல்லிம்மா. இதுக்கு நம்ம பஞ்சாங்கம் தெரியாது!"

அம்மா சிரித்தார். ஆனால் இடம் கொடுக்கவில்லை. பெட்டி படுக்கை அறைக்குப் போனது.

முதல் நாள் மிட்டாய் இரண்டு புழுக்கள் தின்றது. மறுநாள் ஒன்றுகூடத் தொடவில்லை. நான்காம் நாள் கண்ணையே திறக்கவில்லை. குண்டு வால் கொஞ்சம் இளைத்தது போல இருந்தது. ஷாந்தினிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊர் நினைப்பு வந்திருக்கும் லா" என்றார் அப்பா.

அன்று சனிக்கிழமை. ஷாந்தினி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுதினாள். காலை ஏழு மணிக்கு இருபத்தெட்டு டிகிரி. அப்பா சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இரவு வேலை முடித்து வந்து, அதே அறையில் திரையை இழுத்துவிட்டு, அறை குளிர ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துத் தூங்கினார். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெப்பமானி இருபத்தொன்று காட்டியது!

ஷாந்தினி பல்புக்குக் கீழே கையை நீட்டினாள். கண் கூசியது. ஆனால் கை சுடவே இல்லை.

அப்பா எழுந்ததும் தாளைக் காட்டினாள். "அப்பா, இது மின்சாரத்த மிச்சம் பிடிக்கிற பல்பு. வெளிச்சம் மட்டும்தான் தருது, உடைஞ்சது மாதிரி சூடு தரல. பல்லிக்கு நம்மள மாதிரி உடம்பு தானா சூடாகாது. சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது."

அப்பா பல்பைத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடியது. "ஃபாத்திஹா கிட்ட இப்ப சொல்லாத. நம்ம மானம் போயிடும்."

"நானா போய்ச் சொல்லல. ஆனா அவ கேட்டா பொய் சொல்ல மாட்டேன்ப்பா."

இருவரும் செல்லப்பிராணிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கணேஸ்வரன், மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்றை எடுத்து வைத்தார். பெரிய சிவப்பு விளக்கையும் வைத்தார்.

"இருக்கறதுலயே பெருசா கொடுங்க. எங்களுக்குக் கொறஞ்சது வேணாம்" என்றார் அப்பா.

"அண்ணே, இந்தக் கல்லு ரொம்பச் சூடானா தானா நிக்குமா?" என்று கேட்டாள் ஷாந்தினி.

கணேஸ்வரன் தலையைச் சொறிந்தார். "நிக்காது பாப்பா. அது மேலயே படுத்திருந்தா வயிறு வெந்துகூடப் போகும்."

"விளக்கு?"

"அதுவும் தானா நிக்காது."

"அப்ப பெருசு வேணாம்ப்பா. நிக்கத் தெரிஞ்சது வேணும்."

கணேஸ்வரன் உள்ளே போய் மெல்லிய சூட்டு விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதனோடு ஒரு சிறு கருவி. சூடு நாம் வைக்கும் அளவை எட்டினால் விரிப்பை அணைக்கும், குறைந்தால் மறுபடி போடும். "பெட்டிக்கு அடியில ஒரு பக்கம் மட்டும் ஒட்டு. சூடு போதும்னு தோணினா பல்லியே மறுபக்கம் போயிரும். இத மொதல்ல கேட்ட ஆளு நீதான்!"

வீட்டுக்கு வந்ததும் ஷாந்தினி அம்மாவிடமும் தாளைக் காட்டினாள். "எவ்வளவு நல்ல விரிப்பு போட்டாலும் அப்பாவோட ஏர்கோன் கூட சண்டை போட முடியாதும்மா."

அம்மா தாளை இரண்டு முறை படித்தார். "சரி, ஹால்ல டிவி பக்கத்துல வை. சாமிக்கு நேரா வேணாம்."

விரிப்புக்கு மேலே முப்பத்திரண்டு. மறுபக்கம் இருபத்தாறு. ஞாயிறன்று மிட்டாய் கண் திறந்தது. ஆனால் தின்னவில்லை.

திங்கள் மாலை ஃபாத்திஹா வீடியோவில் அழைத்தாள். "மிட்டாய் எப்படி இருக்கு? சாப்பிடுதா?"

ஷாந்தினி போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். "நாலஞ்சு நாளா சாப்பிடல. பல்பு உடைஞ்சு, சூடு இல்லாம போச்சு. இப்ப சரி பண்ணிட்டோம். நீயே பாரு."

இடுக்கியில் ஒரு புழுவை எடுத்து நீட்டினாள். மிட்டாய் தலையைச் சாய்த்தது. வால் நுனி படபடவென ஆடியது. ஒரே பாய்ச்சல், லபக்!

போனுக்குள் கல்யாண வீடே கூச்சல் போட்டது.

"இன்னொண்ணு குடு! இன்னொண்ணு!" என்று ஃபாத்திஹா குதித்தாள். மூன்றாவது புழுவும் உள்ளே போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "ஆமா, பல்ப யாரு உடைச்சா?"

ஷாந்தினி பதில் சொல்வதற்குள், வேலை உடுப்போடு நின்ற அப்பா போனுக்கு முன்னால் வந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உடைச்சது நான். தப்பான பல்ப மாட்டினதும் நான்" என்றார். "சரி பண்ணது என் மக!"