துயர்வாங்கி

நெருப்பு, சக்கரம், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனிதகுலத்தின் நான்காவது மாபெரும் பாய்ச்சல், வருகிற சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குப் பாளையங்கோட்டையில் நிகழவிருப்பதாகவும், மாந்தர் யாவரும் கறுப்புடை தரித்துக் கனத்த இதயத்தோடு வருகை தர வேண்டும் என்றும், வாகனங்களை வாசலை மறித்து நிறுத்தக் கூடாது என்றும் 'கல்லறைக் காற்று' இசைக்குழு அறிவித்தது. கீழே 'இருளரசர் வேதாளராஜன்' என்று கையொப்பம்.

இருளரசரின் இயற்பெயர் குருசாமி. கோரைப் பற்கள் இரண்டும் முருகன்குறிச்சிப் பல் டாக்டரிடம் கட்டியவை. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாம்பலாகிவிடும் என்று அவரே உருகி உருகிப் பாடியிருக்கிறார். இருந்தாலும் நிகழ்ச்சியைப் பிற்பகலில்தான் வைக்க முடிந்தது. மாலையில் அரங்கம் கல்யாண வரவேற்புகளுக்குப் போய்விடும். ரசிகர்கள் சித்திரை வெயிலில் வெல்வெட் அங்கியோடு வரிசையில் நின்றார்கள். அங்கிக்குள் வேர்க்குருப் பவுடர். இடைவேளையில் அவர்கள் மிகவும் விரும்பிச் சாப்பிட்டது பூண்டு முறுக்கு.

கேலி செய்வது எளிது. ஆனால் இந்த இருளிசைக்கு ஊரே அடிமையானதற்கு ஒரு காரணம் இருந்தது. நிஜமான துக்கத்துக்கு ஓர் அழகும் கிடையாது. பந்தல்காரனுக்குப் போன் அடிக்க வேண்டும், நாற்காலி எண்ண வேண்டும், இறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை திருத்த வேண்டும். அழக்கூட நேரம் வாய்ப்பதில்லை. அந்த இசையிலோ துக்கம் மெழுகுவத்தி ஏந்திப் படியிறங்கி வரும். பின்னால் மழை பெய்யும், தூரத்தில் ஒரு பெண் முனகுவாள், தேவாலய ஆர்கன் அடிவயிற்றில் அதிரும். அழுகிறவன் அரசனைப் போல நிமிர்ந்து நிற்பான். கோட்டையையே பார்த்திராத ஊரில் இடிந்த கோட்டைகளைப் பற்றிய பாட்டுக்கு அதனால்தான் அவ்வளவு கூட்டம்.

நான்காவது பாய்ச்சலின் பெயர் துயர்வாங்கி. மனிதரின் துக்கம் ரத்தத்தில் விடுகிற தடத்தை உறிஞ்சி இசையாக்கும் கருவி அது. கழுத்தில் மாட்டும் பட்டை, அதில் பல் பதிந்தது போல இரண்டு ஊசிகள். உறிஞ்சிய துக்கம் கண்ணாடிக் குடுவை ஒன்றில் சேர்ந்து பாட்டாகும். கேட்பவர்களின் கழுத்துக்கும் இருக்கையில் ஒரு மெல்லிய பட்டை உண்டு. பாட்டு முடியும்வரை அந்தத் துக்கம் அவர்களுடையதாகவே இருக்கும், பிறகு விட்டுவிடும். அரங்கத்துக்கு வெளியே பதிவாகக் கேட்டால் வெறும் இரைச்சல்.

ஐயம்பெருமாள் அங்கே போனது இசைக்காக அல்ல. அவருடைய ஒரே மகள் இளவெயினி, கல்லூரிக்குப் போகிற வழியில் நாற்கரச் சாலையில் வேன் மோதி இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மச்சினன்மார் துக்க வீட்டுக்காரரைச் சினிமாவுக்கு அழைத்துப்போவது அவர்கள் வழக்கம். துக்கம் கலைப்பது என்று பெயர். என்ன படமாக இருந்தாலும் சரி, இடைவேளையில் எதையாவது கொறித்துவிட்டு வந்தால் கலைந்ததாகக் கணக்கு. யாருக்கும் கலைந்ததில்லை. அதனால்தான் அந்த வழக்கம் இத்தனை காலம் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் நீடித்தது.

சினிமாக் கொட்டகைகள் எல்லாம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டன. மச்சினன் பலவேசம் இருளிசைக்கு இடம் பிடித்தான்.

"அக்கா, நீயும் வாயேன். ஒரு மாறுதலா இருக்கும்லா."

ஐயம்பெருமாளின் மனைவி செண்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்குக் கலையாண்டாம்டே," என்றாள். "இருக்கட்டும்."

அரங்கத்தில் புகை கிளம்பியது. குருசாமி சவப்பெட்டியிலிருந்து எழுந்தார். மூடி லேசாக மாட்டிக்கொண்டதில் எழ நேரமாயிற்று. கைகளை விரித்து, "உங்களில் புத்தம்புதிய துயரைச் சுமப்பவர் எவரேனும் உண்டோ?" என்று கேட்டார்.

பலவேசம் துள்ளி எழுந்தான். "இந்தா, எங்க அத்தான் இருக்காங்க! நேத்துதான் பதினாறு முடிஞ்சுது!"

"ஏல, சும்மா இரியாம்ல," என்றார் ஐயம்பெருமாள்.

"அட, வாங்கத்தான். கலைக்கத்தானே வந்திருக்கோம். மத்தவனுக்கெல்லாம் பேருக்குக் கலைக்காங்க, நமக்கு மெஷினே வச்சுக் கலைக்கான்."

அவர் மேடையேறினார். ஊசிகள் பதிந்தன. குடுவை மெல்ல நிறைந்தது. ஆர்கன் அதிர, அரங்கம் முழுவதும் தங்களுக்குப் பிறக்காத ஒரு பெண்ணுக்காகத் தேம்பியது. முன்வரிசையில் ஒருவனுக்குக் கோரைப் பல் கழன்று மடியில் விழுந்தது, அவன் அதை எடுக்கவில்லை. பலவேசம் தரையில் உட்கார்ந்து "வெயினி, வெயினி" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஐயம்பெருமாள் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தார். "பசிக்கிடே," என்றார்.

அன்று பரோட்டாவும் சால்னாவும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, செண்பகத்துக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். நல்ல மனிதர், நல்லவராகத்தான் இருந்தார். மகள் பெயர், பிறந்த நாள், முதல் பல் விழுந்தது எல்லாம் அப்படியே நினைவிருந்தன. யாரோ ஒரு தூரத்துச் சொந்தத்தைப் பற்றிச் சொல்வது போல அவற்றைச் சொன்னார். மறுவாரம் மகளின் அறையை ஒழித்து வெங்காய மூட்டை போடலாமா என்று யோசனை கேட்டார். செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு உடைந்து அழுதாள்.

"தலைவலியா?" என்று கேட்டு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்தார்.

"நம்ம பிள்ளை வெயினிங்க."

"தெரியும்லா. பாவம், நல்ல பிள்ளை," என்றார் அவர். "மாத்திரைய முழுங்கு, ஆறிரும்."

அதுவரை அந்த வீட்டில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் அழும்போது மற்றவர் சோறு வடிப்பார். இனி அவள் மட்டும்தான்.

மறுநாளே அரங்கத்துக்குப் போனாள். குருசாமி பனியனோடு உட்கார்ந்து டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்தார். பற்கள் ஒரு டம்ளரில் ஊறின.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட எடுத்தத அவருக்கே திருப்பிப் போட்டுருங்க."

"அக்கா, அது முடியாதுக்கா." பல் இல்லாமல் அவர் குரல் கனிவாக இருந்தது. "எடுத்த இடத்துல திரும்ப ஒட்டாது. ஒலகத்துக்கே அது அழுக வரும், அவுகளுக்கு மட்டும் வராது. நம்பலைன்னா கூட்டிட்டு வந்து பாருங்க."

கூட்டிவந்தாள். ஐயம்பெருமாள் தன் துக்கத்தைக் கழுத்தில் மாட்டி முழுதாகக் கேட்டார். "அழுது வடியுது," என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

செண்பகம் போகவில்லை. அவள் கழுத்திலும் பட்டை இருந்தது. பாட்டின் நடுவில், தாளம் ஓரிடத்தில் நின்று எதற்கோ காத்திருந்தது, வராது என்று தெரிந்து மேலே நடந்தது. மறுபடி நின்றது. சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் வந்து வாசல் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்காகக் காது கொடுத்திருந்த ஐயம்பெருமாள்தான் அது. அவர் அப்படிக் காத்திருந்ததை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் அதே நேரத்தில் அடுப்படியில் அதே சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

பக்கத்து இருக்கையில் கறுப்பு உதட்டுச்சாயம் பூசிய ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, மொத தடவையா? இந்தப் பாட்டு அப்படித்தான் போட்டுத் தாக்கும்."

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். கோரைப் பல் கூட்டத்துக்கு நடுவே நூல் புடவையில் உட்கார்ந்து, கணவரோடு சேர்ந்து அழுதுவிட்டு வந்தாள். அவரேதான் வண்டியில் கொண்டுவிடுவார். முடியும்வரை வாசலில் நின்று கரும்புச்சாறு குடிப்பார்.

"ஒனக்கு எப்போலேருந்து இந்தக் காட்டேரிப் பாட்டு கிறுக்குப் பிடிச்சுது?"

"பிடிச்சிருக்கு," என்பாள். "நல்லா அழுதாரு."

"யாரு?"

"பாட்டுல ஒருத்தர்."

குருசாமி ஒருநாள் அவளைத் தனியாக அழைத்தார். "அக்கா, ஒங்ககிட்டயும் நெறைய இருக்கும் போலருக்கே. குடுத்தா ஒங்களுக்கும் நிம்மதி. ரெண்டு பேரும் வீட்டுல சந்தோசமா இருக்கலாம்லா."

"அப்புறம் வெயினிக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள் செண்பகம். குருசாமி பல்லை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

ஆடி பிறந்தபோது கூட்டம் குறைந்தது. இடைவேளையோடு எழுந்து போனார்கள். எழாதவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே அழுதார்கள். ஒரு சனிக்கிழமை கறுப்பு உதட்டுப் பெண் சொன்னாள்: "அந்தப் பாட்ட எடுத்துட்டாங்க ஆன்ட்டி. எத்தன வாரம்தான் அதே பிள்ளைக்கு அழுகது?"

செண்பகம் மேடைக்குப் பின்னால் ஓடினாள். குருசாமி குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். குடுவை காலியாக, தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஒண்ணுதான் இருக்குக்கா. பழசக் கழுவி ஊத்துனாத்தான் புதுசு ஏத்த முடியும்," என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "ஒங்கள நெனச்சேன். ஆனா இங்க எல்லாரும் புதுசு கேட்டாங்க."

குழாயடியில் நீர் வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கையை நனைத்துப் பார்த்தாள். தண்ணீராகத்தான் இருந்தது.

போக வேறிடம் தெரியாததால் தன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். பட்டை கழுத்தைத் தொட்டது. புதுப் பாட்டு, சினையாட்டை லாரிக்குப் பறிகொடுத்த கங்கைகொண்டான்காரர் ஒருவருடையது. அரங்கம் விம்மியது. செண்பகமும் அந்த ஆட்டுக்காக அழுதாள், அடக்க முடியவில்லை.

வாசலில் ஐயம்பெருமாள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "என்ன, இன்னைக்கும் அவன் நல்லா அழுதானா?"

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆட்டுப் பாட்டு பழையதைவிட நன்றாகவே இருந்தது.