லேட் சாரா பீவி

புதுச்சேரியில் நான் ஏறி இறங்காத மொழிபெயர்ப்பு ஆபீஸ் இல்லை. ஒருவருக்கு நேரமில்லை. இன்னொருவருக்குப் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷ்தான் வருமாம், இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சு வராதாம். நல்ல கூத்து! கடைசியில் திண்டிவனத்தில் பிரபாவதி டீச்சர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்பினேன்.

கையில் இங்கிலீஷில் எழுதிய எங்கள் குடும்ப வம்சாவளி. கொள்ளுப்பாட்டனார் அப்துல் கரீம் சைகோனுக்குக் கப்பலேறிப் போய், அங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவர். அந்த வழியில் வந்த ஃபைசல் பாரீஸில் குடும்ப விருந்து வைக்கிறான். சுவரில் மாட்ட வம்சாவளி பிரெஞ்சில் வேண்டுமாம். முதல் மனைவி சாரா பீவியின் பெயர் மட்டும் வேண்டாமாம். கைக்குழந்தையை இங்கே விட்டுவிட்டு, புருஷனைத் தேடிக் கப்பலேறியவள் போய்ச் சேரவேயில்லை. அந்தக் குழந்தையின் பேத்தி நான். விடுவேனா? அப்துல் கரீமுக்குப் பக்கத்திலேயே அவள் பெயரை எழுதினேன். இறந்தவர்களுக்கு நாம் பத்திரிகையில் போடுகிற 'லேட்' என்ற வார்த்தையையும் முன்னால் சேர்த்தேன்.

டீச்சருடையது பழைய ஓட்டு வீடு. பட்டப்பகலிலும் கூடத்தில் இருட்டு. திண்டிவனத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம், ஆனாலும் உள்ளே உப்புக்காற்று வாடை அடித்தது.

டீச்சர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தவர் சாரா பீவியிடம் நின்றார். அழித்தார். மறுபடி அடித்தார். மறுபடி அழித்தார். கம்ப்யூட்டர் பேஜாரு பண்ணுகிறது என்று சலித்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

எழுதியதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டார்.

"பிரெஞ்சுல காலமானவங்கன்னுதாம்மா எழுதறேன். 'வர்றதுக்குத் தாமதம்'னு வருது."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

பின்கட்டில் யாரோ புடவை பிழிந்தார்கள்.

சொட்டுச் சத்தம் நடையில் வந்தது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேரை எடுத்துடலாம்மா," என்று கிசுகிசுத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷமாக நடுவழியில் நிற்கிறவளை நானும் சேர்ந்து விரட்டுவதா?

"எடுக்காதீங்க டீச்சர். அவங்க எப்படி எழுத வைக்கிறாங்களோ, அப்படியே இருக்கட்டும்."

சொட்டுச் சத்தம் நின்றது. வாசல் கதவு தானாகத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

அதை அப்படியே ஃபைசலுக்கு அனுப்பினேன். விருந்தன்று சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. சாரா பீவி பெயரை வெட்டியெடுத்துவிட்டுத்தான் மாட்டினானாம். அதைச் சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. புடவையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. வர்றதுக்கு நேரமாயிடுச்சுன்னு தமிழ்ல சொல்றாங்க. யாருக்கா இவங்க?"

"வழிய விடுடா," என்றேன். "உள்ள கூப்ட்டு உட்கார வை. அவங்களுக்குத்தான் முதல்ல சோறு போடணும்."