மண் அணைத்த வரிசை

மூன்றாவது வரிசை லீக்ஸுக்கு யாரோ மண் அணைத்திருந்தார்கள்.

கிஷாந்த் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். வெங்காயத்தாள் போன்ற அந்தத் தண்டு வெயில் படாமல் வெள்ளையாக நீள, அதைச் சுற்றி மண்ணைக் குவிக்கிற வேலை. நேற்று அவன் இரண்டு வரிசைதான் முடித்திருந்தான். மூன்றாவதில் மம்பட்டி படவேயில்லை. கையால் குவித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கிய மண். அப்படிச் செய்கிறவள் அவன் மனைவி தனுஷிகா மட்டும்தான். நவம்பர் மழையில் மேல் மலை சரிந்தபோது அவள் இந்த இடத்தில்தான் நின்றிருந்தாள். இராணுவத்தினர் ஒன்பது நாள் தோண்டினார்கள். கிடைக்கவில்லை. பிறகு அவன் அந்த மண்ணைச் சமன் செய்து நாற்று நட்டான். வேறு நிலம் இல்லை.

லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் காளியாயி வேலியோரம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத நீங்களா அக்கா செஞ்சீங்க?"

"என் இடுப்பு இருக்கிற இருப்புக்கு ஒங்க தோட்டத்துல வேற குனியணுமா? பி.ஏ. படிச்சா செஞ்ச வேலகூட மறந்துருமோ?" சிரித்தவள், வரிசையைப் பார்த்ததும் நிறுத்தினாள். "காலையில ஒங்க புள்ள அங்க ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்துச்சு தம்பி. இன்னைக்கே தலவாக்கலைக்குக் கொண்டுபோயி ஒங்க அக்கா வீட்டுல விட்டுருங்க."

"நாளைக்கு லொறி வருதுக்கா. கரட்டக் கழுவி ஏத்திட்டுக் கூட்டிப் போறேன்."

"கரட்டு காத்திருக்கும்," என்றாள் காளியாயி.

அவன் பீலிக் குழாயடியில் கரட் கிழங்குகளைக் கழுவினான். அவன் மகள், நான்கு வயது லக்சனா, பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே பனி இறங்கி, தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக மறைத்து, வேலியை மறைத்து, கடைசியில் லயத்தின் தகரக் கூரையையும் விழுங்கிவிட்டது. பீலியிலிருந்து விழும் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில், நிதானமாக, தப், தப் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காளியாயி ரொட்டி தட்டுகிறாள் என்று நினைத்தான். ஆனால் புகை மணக்கவில்லை. மணந்தது ஆழத்து மண். இராணுவத்தினர் தோண்டிய நாட்களில் வந்த அதே குளிர்ந்த மணம்.

சத்தம் நின்றது.

திரும்பினான். சாக்கு காலி.

ஓடினான். பனி. வழுக்கல். பனி.

நான்காவது வரிசையில் லக்சனா நின்றாள். இடுப்புவரை மண். தட்டி இறுக்கிய மண்.

"அப்பா, அம்மா என்னயும் நட்டுட்டாங்க."

"வலிக்குதா?"

"இல்ல. கூசுது."

கையால் மண்ணைப் பறித்தான். தொடை. முழங்கால். அதற்குக் கீழே தோல் வெள்ளை. குளிர்ந்த, வழவழப்பான வெள்ளை. இன்னும் பறித்தான். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் நூல் நூலாக ஏதோ தட்டுப்பட்டது. நூறு இருக்கும். எல்லாம் கீழ்நோக்கிப் போயிருந்தன.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அடியில் ஒன்று அறுந்தது. பிள்ளையின் உதடு வெளுத்தது. கண் செருகியது.

விட்டுவிட்டான்.

"காளியாயி அக்கா!"

பனிக்குள் பீலியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிடுங்கிப் போட்ட நாற்றுக்கு எவ்வளவு நேரம் உயிர் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"குளிருதுப்பா," என்றாள் லக்சனா. "மண்ணப் போடுங்க."

மண்டியிட்டான். பிறகு ஒரு கை மண் அள்ளிப் போட்டான். அவள் உதட்டில் நிறம் திரும்பியது. இன்னொரு கை. முழங்கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது. மண் உதிராமலிருக்க உள்ளங்கையால் தட்டினான்.

பிள்ளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு இரண்டு கைகள் மண்ணைத் துளைத்து வந்து, அவனோடு சேர்ந்து தட்டின. நகங்கள் இல்லை.

மார்பு மறைந்தது.

போதும் என்று அவன் கையை எடுத்தான். எதிரே இருந்த கைகள் எடுக்கவில்லை.