தரை தொடாத சக்கரம்

மாரியப்பனின் மார்பின் மேல் கார் உட்கார்ந்திருந்தது.

திண்டிவனம் புறவழிச் சாலையோரத்தில் அவருடைய டயர் கடை. காரின் முன்பக்க இடது சக்கரம் கழற்றப்பட்டிருந்தது. சக்கரம் இருந்த இடத்து இரும்பு அவருடைய விலா எலும்புகளை நொறுக்கி உள்ளே இறங்கியிருந்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் கலையரசி ஜீப்பிலிருந்து இறங்கியபோது மணி 1.50. காலையிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரே செய்தி. நேற்று சாயங்காலம் பனமலை ஏரிக்கரை ரோட்டில், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டு நடந்து வந்த வீரம்மாளை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. உயிர் ஆஸ்பத்திரியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. தடயமாக மிஞ்சியது அகலமான ஒரு டயர் தடமும், கிழிந்துபோன பச்சைப் புடவையும்தான். அந்த நினைப்போடு வந்தவர் முன்னால், கூட்டம் இன்னொரு உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

கடையில் வேலை பார்க்கும் அலெக்ஸைத் தூணோடு பிடித்து வைத்து அடித்தார்கள். நெற்றி பிளந்திருந்தது. பல் ஒன்று மண்ணில் கிடந்தது. செத்தவரின் தம்பி நடராசன் கையில் இரும்புக் கம்பி.

"எங்கண்ணன கொன்னுட்டியேடா! ஜாக்கிய ஒழுங்கா வெக்கத் தெரியாதா ஒனக்கு?"

"கட்டையும் முட்டுக் குடுத்துட்டுத்தாண்ணே சாப்புடப் போனேன்! மாதா சத்தியமா!"

கலையரசி பாய்ந்து கம்பியைப் பிடுங்கினார். "இன்னும் ஒரு அடி விழுந்தா கொலை கேஸ் உங்க மேல, நடராசன்."

"போடுங்க மேடம்! இவன வுட மாட்டேன்."

"அரை மணி நேரம் குடுங்க. அப்புறம் பேசலாம்."

காரைத் தூக்கி உடலை எடுத்தார்கள். மார்பு நசுங்கியிருந்தது. ஆனால் பின்மண்டையும் பிளந்திருந்ததே! மல்லாந்து கிடந்தவரின் தலைக்குக் கீழே இருந்தது வெறும் மணல். கலையரசி அதை மனதில் வைத்துக்கொண்டார்.

காரின் சொந்தக்காரன் முகையூர் வல்லரசு நிழலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடந்துச்சு?"

"நாலு டயரும் மாத்தச் சொன்னேன் மேடம். மூணு மாட்டிட்டு இந்த ஆளு சாப்புடப் போயிட்டாரு. பெரியவரு நாலாவத மாட்ட உக்காந்தாரு. நான் கடைக்குப் பின்னால போன் பேசிக்கினு இருந்தேன். டமார்னு சத்தம். ஓடியாந்தா இந்தக் கதி."

"நாலாவது மாட்டவே இல்லையா?"

"எங்க மேடம்? அதோ கெடக்குதே சக்கரம்."

புது டயர் மாட்டிய சக்கரம் மண்ணில் படுத்திருந்தது. முட்டுக்கட்டை சுவரோரம் ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தரையில் பழசும் புதுசுமாக நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். எந்த டயர் கடை வாசலிலும் கிடப்பவைதான். கூட்டம் அவற்றை மிதித்துக்கொண்டு நின்றது.

கலையரசி சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தார். காரின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த டயர் அளவைப் படித்தார். அகலம் 185. புது டயரிலும் அதே எண்.

"டிக்கிய தொறங்க."

உள்ளே நான்கு பழைய டயர்கள். அகலம் 205. தரையைப் பிடிக்கும் பட்டன் தேயவே இல்லை.

"பழச கடையிலதான வுட்டுட்டுப் போவாங்க?"

"வீட்ல பசங்களுக்கு ஊஞ்சல் கட்டலாம்னு..."

"நாலு ஊஞ்சலா?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள்.

"நல்ல டயர ஏன் மாத்தினீங்க?"

"ஸ்டைலுக்குப் பெருசா போட்டேன் மேடம். திருப்பும்போது உள்ள ஒரசுது. ஒரே பேஜாரு. கதவுல போட்டிருக்கிற அளவுதான் சரின்னு பெரியவரே சொன்னாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு." கலையரசி டார்ச்சை வாங்கி, சக்கரம் இல்லாத வளைவுக்குள் அடித்தார். பெரிய டயர் உரசிய கறுப்புத் தடம். அந்தத் தடத்தின் முனையில் கிழிந்த பிளாஸ்டிக் இடுக்கில் நாலைந்து பச்சை நூல்.

அவர் அலெக்ஸிடம் வந்தார். "புது டயர் போட்டா உங்க முதலாளி கடைசியா என்ன செய்வாரு?"

வீங்கிய உதடு மெல்ல அசைந்தது. "எலுமிச்சம்பழம் மேடம். யாரும் கேக்காட்டியும் அவரே நாலு சக்கரத்துக்கும் வெச்சு, சாமி கும்புட்டு, வண்டிய ஏத்துவாரு. போற எடத்துல யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுவாரு."

"எப்ப?"

"நாலும் மாட்டி, ஜாக்கியும் கட்டையும் எடுத்தப்புறம்தான்."

கலையரசி கிடந்த சக்கரத்தை நிமிர்த்தினார். டயரின் பள்ளங்களில் மஞ்சள் தோல், விதைகள். ஈரம் இன்னும் காயவில்லை.

"மாட்டவே இல்லன்னு சொன்னீங்க, வல்லரசு. அப்படின்னா இது வண்டியோட தரையையே தொட்டிருக்காது. கார் பாரம் ஏறாம இதுக்கடியில பழம் எப்படி நசுங்குச்சு?"

வல்லரசு கீழே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து கலையரசியின் தலையைப் பார்த்து வீசினான். கான்ஸ்டபிள் சகாயராஜ் குறுக்கே கை நீட்டினார். எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கணம் நான்கு பேர் வல்லரசை மண்ணில் அழுத்தினார்கள்.

"நாலு சக்கரமும் மாட்டி, பழமும் ஏத்தி முடிச்சிட்டாரு," என்றார் கலையரசி. "போன் பேசினதுல நீ அதப் பாக்கல. பின்மண்டையில அடிச்ச. மறுபடி ஜாக்கி ஏத்தி, சக்கரத்தக் கழட்டி, அவர உள்ள இழுத்துப் போட்டு எறக்கின. பழி அலெக்ஸ் மேல வுழட்டும்னு. சக்கரம் கழட்டியிருந்தப்பவே, பனமலையில சிக்கின புடவை நூல அவரு பாத்துட்டாரு. அதான?"

வல்லரசு மண்ணில் முகம் புதைத்து அழுதான். "அந்தம்மா உசுரோடதான் இருக்குதாம், பயப்படாத தம்பி, வா, நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன்னு தோள்ல கை வெச்சாரு. திரும்பினாரு... அடிச்சிட்டேன்."

"அவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சப்புறமும் அவன் வண்டிக்குப் பழம் வெச்சிருக்காரு," என்றார் கலையரசி மெதுவாக.

நடராசன் தோள் துண்டை எடுத்து அலெக்ஸின் நெற்றியில் சுற்றினார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"எங்கண்ணன் இருந்திருந்தா ஒன்ன அடிச்ச இந்தக் கைய ஒடைச்சிருப்பாரு, அலெக்ஸு."

அலெக்ஸ் தன் கையை உயர்த்தி முடிச்சைப் பிடித்துக்கொடுத்தான்.

"இல்லண்ணே. இறுக்கிக் கட்டுன்னு சொல்லியிருப்பாரு."