ஒரே மூச்சு

ஊசியில் நூல் கோர்ப்பதற்காக அவள் மூச்சைப் பிடித்தபோது, உள்ளறையில் மகளின் இழுப்புச் சத்தம் நின்றது.

மதியத்திலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. மூடிய சன்னலின் இடுக்கில் காற்று நுழைவதுபோல மெலிதாக, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு விசிலோடு வரும். நூல் ஊசியின் காதுக்குள் நுழைந்தது. அவள் மூச்சை விட்டாள். விசில் மறுபடி தொடங்கியது.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே அடைமழை. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், தையல் மெஷினின் எண்ணெய் வாடையும், வெட்டிப்போட்ட துணிகளின் தூசியும் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. துணித் தூசி ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மெஷினை முன்னறைக்கு நகர்த்தி, இடையில் கனமான திரை போட்டிருந்தாள். அதே டாக்டர்தான், "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இழுப்பு உண்டா?" என்று கேட்டார். அவளுக்கு உண்டு என்று கணவன்தான் சொன்னான். விஷயம் கேள்விப்பட்டு வந்த நாத்தனார், "அண்ணி, பொண்ணுக்கு நகை நட்டு சேர்க்காட்டியும் இதையாவது சேர்த்து வெச்சிருக்கீங்களே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

மகளைச் சுமந்த மாதங்களில் பல இரவுகள் அவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் திணறும்போதெல்லாம் வயிற்றுக்குள் குழந்தை உதைக்கும். அப்போது அது சந்தோஷமாக இருந்தது. காற்று கேட்டு உதைத்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

திரையை விலக்கிக்கொண்டு போனாள். ஆறு வயதுப் பெண், தலையணைகளில் சாய்ந்து, தோள்கள் ஏறி இறங்க, விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிய உட்கார்ந்திருந்தாள். மகளின் முகமூடியில் இன்ஹேலரைப் பொருத்தி அழுத்தினாள். மருந்து உள்ளே போனது. இழுப்பு அடங்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள். பிறகு, பேருந்து ஓட்டும் கணவனை.

"பாப்பாவுக்கு மருந்து கேக்கலைங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். பாலத்துல தண்ணியாம், சுத்தித்தான் வருவாங்களாம்."

"நானும் கிளம்பிட்டேன். நீ பதறாதே, உனக்கும் வந்துடப் போகுது."

அவளுக்கு வரவில்லை. அதுதான் விசித்திரம். இப்படியொரு ஈர நாளில் அவளுக்கு நெஞ்சு கட்டாமல் இருந்ததே இல்லை. இன்றோ, நுரையீரலின் அடிவரை குளிர்ந்த காற்று தாராளமாகப் போய் வந்தது. பிறந்ததிலிருந்து இவ்வளவு சுகமாக அவள் மூச்சு விட்டதில்லை.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா..." சொல்லுக்கொரு மூச்சு. "நீ... எல்லாத்தையும்... எடுத்துக்கறே."

அவள் மெல்ல வாயை மூடினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

விசில் நின்றது. மகளின் தோள்கள் இறங்கின. வெளுத்த உதடுகளில் நிறம் ஊறியது. நெடுநேரம் தாகத்தில் கிடந்தவள் தண்ணீர் குடிப்பதுபோல, குழந்தை ஆழமாக ஒரு மூச்சை இழுத்தாள்.

தாங்க முடியாமல் இவள் வாயைத் திறந்தாள். உடனே மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் பிதுங்கின. இம்முறை விசில்கூட இல்லை. சத்தமே இல்லை.

"இல்லடா கண்ணு. அம்மா எடுக்கலடா."

அதைச் சொல்வதற்கும் காற்று வேண்டியிருந்தது. அதுவும் மகளிடமிருந்துதான் போனது.

வாயை மூடினாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது. நெஞ்சு எரிந்தது. காதுக்குள் இரைச்சல். ஆம்புலன்ஸ் வரும்வரைதான். அதுவரைதான். பார்வையின் ஓரம் கறுத்தது. விரல் நுனிகளில் நீலம். விடு, விடு என்றது உடம்பு. விடவில்லை.

தெருமுனையில் சைரன்.

வந்துவிட்டார்கள். ஆக்ஸிஜன் இருக்கும். இனி இருவருக்கும் போதும். அவள் உதடுகள் பிரிந்தன.

வெதுவெதுப்பான சின்னக் கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது. இன்னொரு கை மூக்கை.

மகள் அழுதுகொண்டிருந்தாள். கன்னங்கள் சிவந்து, நெஞ்சு சீராக ஏறி இறங்க, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே அழுதாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்று கெஞ்சினாள். "நல்லாயிருக்கும்மா."

வாசலில் கதவைத் தட்டினார்கள். மகள் கைகளை எடுக்கவில்லை.