காத்துப் பையும் ஈரப் புகையும்

இப்போதெல்லாம் ஒரு பொருள் காணாமல் போனால் பொருளைத் தேடுவதற்கு முன்னால் ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். அதுவும் எளைச்சவனாகப் பார்த்து. காரணத்தைப் பிற்பாடு தேடிக்கொள்ளலாம் என்கிற தைரியம். போலீசில் ஏட்டாக இருந்த காலம் முழுக்க இதைத் திட்டிக்கொண்டே இருந்தவர் பொங்கியண்ணன். அப்பேர்ப்பட்டவர்தான் அன்றைக்குக் காலையில் நல்லானின் தோள்துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி முன்னால் நிறுத்தினார்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்கு வடக்கே மேய்ச்சல் காட்டைச் சமன் பண்ணிப் புது ஏரோடிரோம் போட்டிருந்தார்கள். காவலுக்கு மேற்பார்வை பொங்கியண்ணன். ராத்திரிக் காவல் நல்லான். காலை ஒன்பது மணிக்கு மந்திரி விமானத்திலேயே வந்து இறங்கித் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

விடிந்து பார்த்தால் கம்பத்தில் காத்துப் பை இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமான ஓட்டிக்குக் காட்டுகிற நீளமான துணிப்பை அது. காற்றுத் தெரியாமல் இறக்கினால் பின்னாலிருந்து தள்ளி, விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடும். முதலில், பை வந்து சேரும்வரைக்கும் இஞ்சினியர் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டுத்தான் சோதனை விமானத்துக்குக் காற்றைக் காட்டினார். அப்புறம் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிக்காரன் வேலுமணி அசல் கேன்வாஸ் என்று சொல்லிக் காவி நிறத்தில் ஒரு பையைச் செய்து கொடுத்தான். அதைத்தான் யாரோ அறுத்துப் போயிருந்தார்கள்.

ஒன்பது மணி. மானத்தில் விமான இரைச்சல் கேட்டது. அதே நேரம் மைதானத்தின் தென்கோடியில் குபுகுபுவென்று புகை. விமானம் ரெண்டு வட்டம் போட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கே திரும்பிவிட்டது. நாயனக்காரர்கள் ஊதிய வாக்கில் நின்றார்கள். பொங்கியண்ணன் ஓடிப் போய்ப் பார்த்தபோது நெருப்பை மிதித்து அணைத்துக்கொண்டிருந்தவன் நல்லான்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்தி ஆள். சுருக்கமாகக் கேட்டார்.

"பை எங்கலே?"

"தெரியலீங்க சாமி. விடியக்காலம் கண்ணசந்துட்டனுங்க."

"ஆடு மேய்க்க இடம் போச்சு, இது தீஞ்சு போகட்டும்னு டீக்கடையில சொன்னியா?"

"சொன்னனுங்க."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மந்திரி சாயங்காலம் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் நல்லானைக் கோயமுத்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோக வேன் சொல்லியாயிற்று. நாசவேலைக் கேஸ். உள்ளே போனால் எப்போது வெளியே வருவானோ.

பந்தலுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த நல்லான், பொங்கியண்ணனைப் பார்த்து மெல்லச் சொன்னான்:

"முந்தாநேத்தே சொன்னனுங்களே சாமி. காத்து வீசறப்பக்கூட அந்தப் பை, பால் கறந்த மடியாட்டம் தொங்குதுன்னு."

சொல்லத்தான் சொன்னான். உன் வேலையைப் பாருடா என்று இவர்தான் அதட்டியிருந்தார்.

பொங்கியண்ணனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கம்பத்துக்குப் போய்க் கயிற்றைத் தளர்த்தி இரும்பு வளையத்தைக் கீழே இறக்கினார். பை அறுபட்ட மிச்சம் வளையத்தில் ஒட்டியிருந்தது. வெட்டு கத்திரி போட்டதுபோல் நேராக இருந்தது. ஓரமோ காய்ந்த வெற்றிலையாகச் சுருண்டு கிடந்தது. அங்கிருந்து தென்கோடிக்கு நடந்தார். சாம்பலைக் குச்சியால் கிளறினார். அடியில் பனியன் வெட்டின துண்டுகள். தீயில் வேகாதவை இன்னும் சொதசொதவென்று இருந்தன. தலையைத் தூக்கினால் கூப்பிடு தூரத்தில் ஓலைப் பந்தல், முறுமுறுவென்று காய்ந்து, ஒரு கீற்றும் கருகாமல்.

அறுபட்ட மிச்சத்தோடு திரும்பி வந்து, மாலையும் கையுமாக நின்ற வேலுமணியை இன்ஸ்பெக்டர் பக்கத்துக்குக் கூப்பிட்டார்.

"இது கேன்வாஸே இல்லீங்க. கேன்வாஸை வெட்டினா நூல் பிரிஞ்சு நிக்கும். இப்பிடிச் சுருள்றது பனியன் துணி. மெஷின்ல இருந்தே குழாயாட்டம் எறங்கும். இவன் சாயத்துல முக்கிப் பைன்னு குடுத்துட்டான். பனி ஈரத்தக் குடிச்சு அது இழுபட்டுத் தொங்கியிருக்குது."

"சரி, தீ?"

"எரிக்க வந்தவன் ஓலைப் பந்தல உட்டுப்போட்டு வெட்டவெளிக்குப் போவானுங்களா? போயி, துணிக்குத் தண்ணி தெளிச்சுக் கொளுத்துவானுங்களா? தீ வெக்கிறதுக்கு இல்லீங்க அது. புகை போடறதுக்கு. சாம்பல்ல கெடக்கறது பனியன் கம்பெனித் துண்டுங்க. இஞ்சினியர் புகை போட்டுக் காத்துக் காட்டினப்ப இந்த வேலுமணியும்தான் பக்கத்துல நின்னான். இன்னைக்கு வந்த ஓட்டி அதைப் பாக்காத ஆளு. தீன்னு நினைச்சுத் திரும்பிட்டான்."

வேலுமணியின் கையில் இருந்த மாலை கீழே இறங்கியது. கேன்வாஸ் வந்து சேரவில்லை என்றான். நாள் நெருங்கிவிட்டது, குழாய்த் துணிதான் கைவசம் இருந்தது, ஊருக்கே தெரிந்த கம்பெனிப் பேரை விட மனசு வரவில்லை என்றான். நேற்று சாயங்காலம் காற்றுக்கு அசையாமல் பை தொங்கியதைப் பார்த்ததும்தான் செய்த தப்பு உறைத்ததாம்.

"பை இருந்தா அதை நம்பி எறங்குவாங்க, இல்லீன்னா எறங்கமாட்டாங்கன்னு அறுத்தனுங்க. சத்தம் கேட்டதும், இல்லாமயே எறங்கிட்டா என்ன பண்றதுன்னு பயம் வந்துருச்சு. அதுதானுங்க புகை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "யோசிச்சுப் பாத்தா உசிரைக் காப்பாத்தத்தான் பாத்திருக்கான், ஏட்டையா."

பொங்கியண்ணன் வேலுமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லானைப் பிடிச்சு இழுத்தப்ப நீ எங்கடா நின்ன?"

"இங்கதானுங்க."

"பாத்துட்டுத்தான இருந்த?"

வேலுமணி மாலையின் நாரைத் திருகினான்.

"மானத்துல வாரவனுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் தூங்காதவன், மண்ணுல கிடந்தவனுக்கு வாயத் தொறக்கல. நீ காப்பாத்துனது உசிரையா, உம் பேரையா?"

கேட்டுவிட்டாரே ஒழிய, துண்டைப் பிடித்து இழுத்த கை தன்னுடையது என்பது அவருக்கு மறக்கவில்லை.

நல்லானை விட்டார்கள். பொங்கியண்ணன் எதிரே போய் நின்றார். "துண்டு கிழிஞ்சு போச்சு போல, நல்லா."

"பரவால்லீங்க சாமி." அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுப் பட்டியைப் பார்க்க நடந்தான்.

சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து நிஜமான கேன்வாஸ் பை வந்து கம்பத்தில் விறைப்பாக நின்றது. விமானமும் வந்தது. கூட்டம் மொத்தமும் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றது. முன்வரிசையில் வேலுமணி, கையில் அதே மாலை.

"பாத்தீயளா ஏட்டையா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு" என்றார் ரத்தினசாமி.

"முடிஞ்சுதுங்களா" என்று கேட்டார் பொங்கியண்ணன். பதிலுக்கு நிற்கவில்லை. நாயனம் ஒருபக்கம், இரைச்சல் ஒருபக்கம். அவர் தலையைத் தூக்கிப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டே வேலியைத் தாண்டி நடந்தார்.