முதல் மிடறு

புதன்கிழமை பத்து மணிக்கு முதல் மிடறு. கரைப்பாளையம் பொதுச் சாயச்சாலையில் மற்ற வேலைகள் முன்னே பின்னே ஆகலாம். இது மட்டும் ஆகாது. மிதுனா இரண்டு செம்புத் தம்ளர்களைப் புளி போட்டுத் துலக்கித் நீர்த்தேக்கத் தொட்டியின் சுவர்மேல் வைத்தாள். ஒன்று உருண்டு விழப் பார்த்தது; பிடித்து நிறுத்தினாள்.

வாரம் முழுக்கச் சாயம் போட்ட தண்ணீர், சவ்வு வடிகட்டிகளில் சலிக்கப்பட்டு இந்தத் தொட்டியில் காத்திருக்கும். ஆலையிலிருந்து ஒருவர், ஆற்றின் கீழ்க்கரை ஊர்களிலிருந்து ஒருவர், ஆளுக்கொரு தம்ளர் குடிக்க வேண்டும். அதன் பிறகே மதகைத் திறந்து நொய்யலில் விடுவார்கள். கம்பெனிகள் போய், ஆலைகள் ஊர்ப்பொதுவான ஆண்டில் ஆற்றங்கரை ஊர்களின் சபையான ஆற்றவை போட்ட முதல் சட்டம் அது: விடுகிறவர் குடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மதியம் மூன்றாவது சவ்வு கிழிந்திருந்தது. தண்ணீரின் உப்பை அளக்கும் உப்புமானி சிவப்புக்கு ஏறியது. சிவப்பு என்றால் ஆலையை நிறுத்த வேண்டும். பள்ளிச் சீருடைத் துணி பாதி பாக்கி. மிதுனா யோசிக்கவே இல்லை. உப்புமானியின் முனையைக் கழற்றிக் குடிதண்ணீர்ச் சொம்புக்குள் போட்டுவிட்டாள். உடனே பச்சை. யாருக்கும் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு கம்பெனிப் பட்டறையில் கற்ற வித்தை அது. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் சூப்பர்வைசர் முதலில் தேடுவது ஒரு சொம்பைத்தான். அங்கே கழிவைப் பற்றி வாய் திறந்த அவள் அப்பாவை மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஒருவேளைச் சோறு. இருபத்தேழு வருடம் கழித்தும் அவள் கை அதை மறக்கவில்லை.

கீழ்க்கரையிலிருந்து கவின் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபத்தாறு வயது. சாயக்கழிவு ஓடிய பழைய ஆற்றங்கரையில் வளர்ந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். இருந்தும், யார் குடிப்பது என்று ஊரில் சீட்டு எழுதிப் போட்டபோது தன் பேரையும் சேர்க்கச் சொன்னாராம்.

"ஏனம்மிணி, போன வாரம் தண்ணி சப்புனு இருந்துச்சு. இந்த வாரமாச்சும் ஒரு கல்லு உப்பு போட்டீங்களா?"

"போட்ருக்கோமுங்க. மொளகாய்தான் தீந்துபோச்சு" என்றாள் இன்பா. மிதுனாவின் பிரிவில் வேலை செய்பவள், இருபத்திரண்டு வயது.

கவின் சிரித்துக்கொண்டே தம்ளரை மொண்டார். ஆலையின் சார்பில் மிதுனாவும் மொண்டாள். இந்த உப்பு நாக்குக்குத் தெரியாது. தானும் குடித்துவிடலாம், மதகு திறந்த பிறகு சவ்வை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தாள். தம்ளர் அவர் உதட்டுக்குப் போனது.

"குடிக்காதீங்கண்ணா!"

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சவ்வு, சொம்பு, இரண்டு நாள் பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

கவின் தம்ளரை உதட்டிலிருந்து இறக்கினார். தரையில் கொட்டாமல் தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றினார். "வெளிய ஒரு சொட்டாவது போச்சா?"

"இல்லீங்கண்ணா."

"சரி. சவ்வு மாத்தி, இத்தனையும் மறுபடி சலிக்க எத்தன நாளாகும்?"

"பதினோரு நாள். ஆலைய நிறுத்தணும்."

"நிறுத்து. இதுக்கா முகம் இப்படிப் பேயடிச்சாப்ல இருக்குது?"

இன்பாவுக்குத்தான் கோபம். "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியேக்கா! ரெண்டு நாளா அந்தச் சொம்பத் தாண்டித்தான் நடந்துட்டு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சட்டப்படி ஒரு வருஷம் நீங்க உப்புமானிப் பக்கமே வரக் கூடாது. ஆத்தவைல நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும். தெரியுமில்ல?"

"தெரியும். துணி?"

"பசங்க பழைய சட்டையோட பள்ளிக்கோடம் போகட்டும். வெளுத்த சட்டைக்குப் பாடம் ஏறாதாக்கும்?"

யாரோ மெயின் விசையை இறக்கினார்கள். எந்திரங்கள் ஒன்றொன்றாக அடங்கின. மிதுனா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இருவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்கள். ஒருவர் மரத்தடியில் படுத்துவிட்டார். அரிசி, வீடு, வைத்தியம் எல்லாம் பொதுப்பங்கிலிருந்து வருகின்றன, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும். பதினைந்து வருடமாக அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, சுவர்மேல் வைத்தாள்.

"நான் எப்ப வெளிய போகட்டும்?"

இன்பா விழித்தாள். "எங்கக்கா போறீங்க?"

"வேலய விட்டுத்தான். வெளிய அனுப்பிருவீங்கல்ல."

"அனுப்பறதா? பதினோரு நாளைக்குச் சவ்வ மாத்திச் சலிக்க ஆளே பத்தாதுங்க்கா!" அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அனுப்புனா அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க? சோத்துக்கு?"

மிதுனா பதில் சொல்ல வாயெடுத்தாள். கேட்டைச் சொல்ல வேண்டும், சூப்பர்வைசரைச் சொல்ல வேண்டும், பசியை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"விடு கண்ணு" என்றாள். "உனக்கு அது புரியவே வேண்டாம்."